டோனாவூர் அம்மை

துன்பம் ஏன் வருகிறது என்று ஒரு தடவையாவது கேட்காமல் பொகவந்தலாவையில் வளர்ந்தவர் எம்மில் யாரும் இல்லை. விடியலில் பிரட்டுக்குப் போய், மழையிலும் பனியிலும் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, நெற்றியில் கயிறு இழுக்கக் கொழுந்துக் கூடையைச் சுமந்து, அந்தியில் லயத்துக்குத் திரும்பி ஈர விறகில் அடுப்பு மூட்டியவர்கள் எமது தாய்மார். அவர்கள் எண்ணி எடுத்துத் தந்த காசில்தான் நாம் வெள்ளைச் சீருடை உடுத்திப் பாடசாலைக்குப் போனோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எமது குடும்பங்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களை இரு நாடுகளுக்குப் பிரித்து அனுப்பியது. இன்று இந்த நூற்றாண்டு மலரைக் கையில் எடுக்கும் சகோதரிகளில் சிலர் கொழும்பிலும், சிலர் தமிழ்நாட்டிலும், சிலர் கடல் கடந்த குளிர்நாடுகளிலும் இருப்பீர்கள். எங்கு இருந்தாலும் அந்தப் பழைய கேள்வி எம்மோடு வந்திருக்கிறது.

அதற்கு எமது மலைகளில் இரண்டு பதில்கள் வழக்கில் உண்டு. ஒன்று, எல்லாம் தலையெழுத்து என்பது. மற்றது ஞாயிறு ஆராதனையிலும் செபக்கூட்டத்திலும் கேட்பது: எல்லாம் கர்த்தருடைய சித்தம், பொறுத்துக்கொள் என்பது. இரண்டும் ஆறுதலாகச் சொல்லப்படுபவைதாம். ஆனால் இரண்டுமே சில வேளைகளில் வாயை அடைக்கவும் பயன்பட்டிருக்கின்றன. கூலி போதவில்லை என்று சொன்னவளுக்கும், குடிகாரக் கணவனிடம் அடி வாங்கியவளுக்கும் இந்தப் பதில்களே கொடுக்கப்பட்டதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே துன்பத்தில் தெய்வ நோக்கத்தைக் காண்பது என்றால் என்ன என்று ஆராயும்போது, அதைச் சொல்லிக்கொடுக்கத் தகுதியுள்ள ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. மனிதர் செய்யும் கொடுமையைக் கடவுளின் பெயரால் மூடி மறைக்காதவராக அவர் இருக்க வேண்டும். தாமே வலியில் கிடந்தவராகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவராக ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நாம் காண்கிறோம். அவருடைய வாழ்க்கையை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

அவர் எமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். அவர் வாழ்ந்து மறைந்த திருநெல்வேலிச் சீமை, எமது முன்னோரில் ஒரு பகுதியினர் புறப்பட்டு வந்த சீமை. மலையகத் தோட்டங்களில் 1854இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷனின் தொடக்ககால உபதேசியார்களும் அங்கிருந்தே வந்தார்கள். அவர் கற்றுப் பேசிய தமிழ் அந்தக் கிராமங்களின் தமிழ். அவரைப் பிள்ளைகள் அழைத்த பெயரும் அந்த மண்ணின் பெயர்தான்: அம்மை.

மில்லிஸ்ல் சிறுமி

அயர்லாந்துத் தீவின் வடகிழக்குக் கடலோரத்தில் மில்லிஸ்ல் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே மாவு ஆலை நடத்திவந்த குடும்பத்தில் 1867ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் திகதி ஏமி பிறந்தார். ஏழு பிள்ளைகளில் அவரே மூத்தவர். தந்தை டேவிட், தாய் கதரின். இருவரும் பக்தியுள்ள பிரஸ்பிட்டேரியர்.

அவருடைய குழந்தைப் பருவத்துச் சம்பவம் ஒன்று உலகெங்கும் சிறுவர் பாடங்களில் சொல்லப்படுகிறது. தாயாருக்கு நீலக் கண்கள். ஏமிக்குக் கபிலநிறக் கண்கள். கடவுள் கேட்டதைத் தருவார் என்று தாய் சொல்லியிருந்ததால், ஒரு நாள் இரவு தமக்கு நீலக் கண்கள் வேண்டும் என்று செபித்துவிட்டுச் சிறுமி உறங்கினாள். காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தபோது கண்கள் பழைய நிறத்திலேயே இருந்தன. அழுத பிள்ளைக்கு, இல்லை என்பதும் ஒரு பதில்தான் என்று விளங்கவைத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின், தென்னிந்தியக் கிராமங்களில் சேலை உடுத்தி நடமாடியபோது அந்தக் கபிலநிறக் கண்கள் தமக்கு எவ்வளவு உதவின என்பதை அவர் நினைத்துக்கொண்டாராம். சிறுவர் பாடத்தில் கதை இத்துடன் முடிந்துவிடும். ஆனால் இல்லை என்ற பதிலை அவர் வாழ்நாளில் இதைவிடப் பெரிய காரியங்களிலும் கேட்க வேண்டியிருந்தது. அவற்றில் பலவற்றுக்கு இத்தனை அழகான விளக்கம் அவருக்குக் கிடைக்கவில்லை.

குடும்பம் பெல்பாஸ்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1885இல் தந்தை காலமானார். அப்போது ஏமிக்கு வயது 17. பணக்கஷ்டமும் சேர்ந்து வந்தது. இளைய பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பில் பெரும் பங்கு மூத்த மகள் தலையில் விழுந்தது. மூத்த பெண்ணாகப் பிறந்த எம்மில் எத்தனையோ பேருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்நாளில் பெல்பாஸ்டின் நெசவு ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை செய்தார்கள். தொப்பி வாங்க வசதியின்றித் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு வருவதால் அவர்களுக்குச் சால்வைக்காரிகள் என்று பெயர் வந்தது. கோயிலுக்குள் அவர்கள் வருவதைக் கண்ணியமான குடும்பத்தார் பலர் விரும்பவில்லை. ஏமி அவர்களுக்காக வேதவகுப்பு நடத்தினார். கூட்டம் பெருகவே, ஏறத்தாழ 500 பேர் அமரக்கூடிய தகர மண்டபம் ஒன்றை எழுப்ப முயன்றார். நிலமும் பணமும் கிடைத்தன. 1889 ஜனவரியில் மண்டபம் திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு 21 வயது. ஆலைப் பெண்ணின் தலையில் கிடந்த சால்வையைக் கண்டு முகம் சுளித்தவர்களின் உலகத்தை, கொழுந்துக்காரியின் இடுப்பில் கட்டிய படங்கைக் கண்டு முகம் சுளித்தவர்களைப் பார்த்து வளர்ந்த எமக்குப் புரிந்துகொள்வது எளிது.

மூடப்பட்ட கதவுகள்

வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகவேண்டும் என்ற அழைப்பை 1892 ஜனவரியில் அவர் உணர்ந்தார். ஆனால் அவருடைய உடல் அதற்கு ஏற்றதாக இருக்கவில்லை. நரம்பு வலி அவரை வாரக்கணக்கில் படுக்கையில் தள்ளும். சீனாவுக்குப் போக முயன்றார், வைத்தியர் அனுமதிக்கவில்லை. 1893இல் ஜப்பானுக்குப் போனார். அங்கே ஒரு மூதாட்டி நற்செய்தியைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஏமி அணிந்திருந்த கையுறையைக் கண்டு அதிலேயே மனம் போய்விட்டதாம். அன்று முதல் அவர் ஜப்பானிய உடையை அணியத் தொடங்கினார். பிற்காலத்தில் தமிழ்ப் பெண்களைப் போல அவர் சேலை உடுத்தியதற்கு வித்து அங்கே விழுந்தது.

ஒன்றேகால் வருடத்தில் ஜப்பானிலும் உடல்நலம் கெட்டது. அங்கிருந்து சீனக் கரைவழியாக 1894இல் இலங்கைக்கு வந்தார். சில மாதங்கள் எமது நாட்டில் தங்கினார். இங்கேயே நிலைத்திருப்பார் என்று தோன்றிய வேளையில், அவரை மகளாக ஏற்று ஆதரித்த முதியவர் றொபர்ட் வில்சன் பக்கவாதத்தால் விழுந்தார் என்ற செய்தி வந்தது. ஏமி திரும்பிப் போனார். இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று நாடுகள். ஒன்றிலும் வேர் பிடிக்கவில்லை. நிலையற்ற பெண் என்று அவரைப் பற்றிப் பேசியவர்களும் உண்டு.

பிறகு இந்தியாவுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பும் இங்கிலாந்துத் திருச்சபையின் சங்கம் ஒன்று அவரை ஏற்றது. 1895 நவம்பரில் சென்னையில் வந்து இறங்கினார். பெங்களூருக்குப் போனார், போனதும் டெங்குக் காய்ச்சல் கண்டது. 1896இன் முடிவில் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். அதன்பின் அவர் மரணம் வரை ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. அது 55 ஆண்டு காலம்.

தமிழ் அவருக்கு எளிதாக வரவில்லை. தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியின் துணையோடு பண்ணைவிளையில் அதைக் கற்றார். கிராமம் கிராமமாக மாட்டுவண்டியில் போய்ப் பெண்களைச் சந்திக்கும் சிறு குழு அவரைச் சுற்றி உருவானது. அதில் முதன்மையானவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. விதவைக்கு வீட்டின் மூலைதான் இடம் என்றிருந்த காலத்தில், அவர் வெளியே வந்து தம் நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு ஊழியம் செய்தார். அம்மையின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் பொன்னம்மாளை ஒரு வரியில் கடந்துவிடுவதுண்டு. நாம் அப்படிச் செய்ய விரும்பவில்லை. டோனாவூரில் பின்னர் நிலைத்த வேலையின் சுமையில் பாதி அந்தத் தமிழ்ப் பெண்ணின் தோளில் இருந்தது.

ஓடி வந்த சிறுமி

1901 மார்ச் மாதம், ப்ரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி பண்ணைவிளைக்குத் தப்பி ஓடி வந்தாள். கோவிலுக்குக் கொடுக்கப்படுவதற்காக ஒரு வீட்டில் வளர்க்கப்பட்ட பிள்ளை அவள். முன்னர் ஒருமுறை தப்பித் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடியிருந்தாள். தாய் அவளைத் திரும்பவும் ஒப்படைத்துவிட்டாள். அதற்குத் தண்டனையாகப் பிள்ளையின் கைகளில் சூடு போட்டார்கள். இரண்டாவது தடவை அவள் வந்து ஏறிய மடி அம்மையின் மடி. பிள்ளை சொன்னவற்றைக் கேட்ட பிறகு ஏமியால் பழைய வேலைக்குத் திரும்ப முடியவில்லை.

நாம் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பிள்ளையின் துன்பத்துக்கு ஒரு நோக்கம் இருக்கும், பொறுத்துக்கொள் என்று அவர் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. கதவைச் சாத்திப் பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டார். மனிதர் செய்யும் தீமையை நிறுத்தலாம் என்றால் அதை நிறுத்துவதே கடவுளின் சித்தம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அதற்காக வழக்குகளையும் மிரட்டல்களையும் எதிர்கொண்டார்.

அந்த ஆண்டுகளில் அவர் எழுதிய நூல்கள் உள்ளூர் மக்களின் சமயத்தையும் வழக்கங்களையும் பற்றிக் கடுமையாகப் பேசுகின்றன. எமது பாடசாலையில் சைவப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே மேசையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். ஆகவே அந்தப் பக்கங்கள் சிலவற்றை நாம் அவரோடு உடன்பட்டு வாசிக்க முடியாது. ஆனால் அவர் கண்ட கொடுமை பொய்யல்ல. அதை ஒழிக்க இந்தியப் பெண்களே பின்னர் முன்னின்றார்கள். அந்தச் சமூகத்துத் தாய்க்குப் பிறந்து டொக்டராகி, சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரான முத்துலட்சுமி ரெட்டி 1927 முதல் அதற்காகப் போராடினார். பெண்பிள்ளைகளைக் கோவிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள டோனாவூர், திருநெல்வேலி மிஷனுக்கு உதவிய டோனா பிரபு என்ற ஜெர்மானியரின் பெயரால் அமைந்த கிராமம். அதுவே குழந்தைகளின் வீடாயிற்று. 1904 முதல் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கின. பத்து ஆண்டுகளுக்குள் பிள்ளைகளின் தொகை நூறைத் தாண்டியது. 1918 முதல் ஆண்குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள். பல பிள்ளைகளுக்குத் தாம் பிறந்த நாள் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் அந்த வீட்டுக்கு வந்த நாளையே பிறந்தநாள் போலப் பூ வைத்துக் கொண்டாடினார்கள். வேண்டாம் என்று தள்ளப்பட்ட பிள்ளைக்கு, நீ வந்த நாள் எமக்குத் திருநாள் என்று சொல்லும் ஏற்பாடு அது.

சாவுகளின் ஆண்டுகள்

அந்த வீட்டில் பூக்கள் மட்டும் இருக்கவில்லை. தாய்ப்பால் இல்லாமல் வந்த குழந்தைகளைக் காப்பாற்றுவது அந்நாளில் மிகக் கடினம். பக்கத்தில் வைத்தியர் இல்லாததால், நெய்யூர் வைத்தியசாலைக்கு அருகே ஒரு வீடு எடுத்துப் பொன்னம்மாள் கைக்குழந்தைகளோடு அங்கே போய் இருந்தார். நோய் பரவியபோது ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகள் இறந்தார்கள். கோவிலிலிருந்து காப்பாற்றிய பிள்ளையைக் குழியில் வைக்கவேண்டியிருந்தது. எதற்காகக் காப்பாற்றினோம் என்று கேட்காமல் எப்படி இருக்க முடியும்?

1912 ஆகஸ்ட் மாதத்தில் வாக்கர் திடீரென இறந்தார். மறு ஆண்டு ஏமியின் தாய் இறந்தார். 1915 ஆகஸ்டில் பொன்னம்மாள் புற்றுநோயால், நெடுநாள் வலியை அனுபவித்து, கண்ணை மூடினார். தலைவர், தாய், தோழி என்று மூவரும் மூன்று ஆண்டுகளுக்குள் போனார்கள்.

இந்த மரணங்களுக்கு அவர் காரணம் கற்பிக்கவில்லை. இந்தக் குழந்தை இறந்ததால் இன்ன நன்மை விளைந்தது என்று கணக்குப் போட்டுக் காட்டவில்லை. பிறவியிலேயே குருடனாயிருந்த மனிதனைக் காட்டி, இவன் பாவமா, இவன் பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டு அவனுடைய கண்ணைத் திறந்தார் என்று யோவான் சுவிசேஷம் சொல்கிறது. அம்மையின் வழியும் அதுவாகத்தான் இருந்தது. விளங்காததை விளங்கியதாகச் சொல்லாமல், அடுத்த குழந்தைக்குப் பால் காய்ச்சப் போனார். 1919இல் அரசாங்கம் அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கத்தை அறிவித்தபோது, சிலுவையில் முடிந்த வாழ்க்கையைப் பின்பற்றும் தமக்கு அது பொருந்துமா என்று தயங்கினார். விழாவுக்கும் போகவில்லை.

குழியில் விழுந்த நாள்

1931ஆம் ஆண்டு. டோனாவூருக்கு அருகில் உள்ள களக்காட்டில் மருந்தகம் ஒன்று தொடங்குவதற்காக ஒரு வீடு ஒழுங்குசெய்யப்பட்டிருந்தது. பொழுது சாயும் வேளையில் அதைப் பார்வையிட அம்மை போனார். வேலையாட்கள் தோண்டக்கூடாத இடத்தில் ஒரு குழியைத் தோண்டி வைத்திருந்தார்கள். இருட்டில் அவர் அதற்குள் விழுந்தார். கால் முறிந்தது. கணுக்கால் பிசகியது. முதுகும் அடிபட்டது. அப்போது அவருக்கு 63 வயது.

அன்று காலை அவர் ஒரு செபம் செய்திருந்தார். தமது பிள்ளைகளுக்கு உதவத் தம்மை இன்னும் தகுதியாக்குவது எதுவானாலும் அதைச் செய்யும்படி கடவுளிடம் கேட்டிருந்தார். மாலையில் குழி. காலையின் செபத்தையும் மாலையின் குழியையும் எப்படி இணைப்பது?

கடவுள் குழி தோண்டி வைத்தார் என்று சொல்லிவிடுவது எளிது. குழியைத் தோண்டியது மனிதரின் கவனக்குறைவு. ஆனால் அந்தக் குழிக்குள்ளும் கடவுள் இல்லாமற் போகவில்லை என்பதே அம்மை பற்றிக்கொண்ட விசுவாசம். இந்த வேறுபாடு சிறிது போலத் தோன்றும். எமது வாழ்க்கையில் இது மிகப் பெரியது. எமது பாட்டன்மாரை நாடற்றவராக்கிய சட்டத்தைக் கடவுள் எழுதவில்லை, மனிதர் எழுதினார்கள். அதை மாற்ற வேண்டியதும் மனிதரின் கடமையாயிற்று. அதே வேளையில், பிரிவும் வறுமையும் சூழ்ந்த அந்த லயத்து அறைகளில் கடவுள் எமது தாய்மாரோடு இருக்கவில்லை என்று யாரும் எமக்குச் சொல்லவும் முடியாது.

சில வாரங்களில் எழுந்து நடப்பேன் என்று அவர் எதிர்பார்த்தார். எலும்பு கூடிய பிறகும் வலி போகவில்லை. மூட்டு வலியும் நரம்பு வலியும் நித்திரையின்மையும் சேர்ந்துகொண்டன. பிள்ளைகளும் ஊழியர்களும் அவர் குணமடைய உருக்கமாகச் செபித்தார்கள். குணம் கிடைக்கவில்லை. தம் சரீரத்தில் இருந்த முள்ளை எடுத்துப்போடும்படி பவுல் அப்போஸ்தலர் மூன்று முறை கேட்டும் அது எடுக்கப்படாததைப் போல, அம்மைக்கும் இல்லை என்ற பதிலே வந்தது. 1948இல் தமது அறையிலேயே மறுபடி விழுந்தார். அதன்பின் படுக்கையை விட்டு அசைய முடியவில்லை. முதல் வீழ்ச்சியிலிருந்து மரணம் வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

அறைக்குள் நடந்த ஊழியம்

ஓடியாடி நூற்றுக்கணக்கானோரை நடத்திய பெண்ணுக்கு நான்கு சுவர் என்ன செய்யும் என்பதை வாதத்தால் விழுந்த தாயைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் அறிவார்கள். அம்மைக்கும் சோர்வான நாட்கள் இருந்தன. வலியில் முனகாத இரும்புப் பெண்ணாக அவரைக் காட்டினால் அது பொய்யாகிவிடும். தாம் மற்றவர்களுக்குச் சுமையாகிவிட்டோமோ என்ற எண்ணம் வலியைவிட அதிகமாக அவரை வாட்டியது.

ஆனால் அறையின் கதவு திறந்தே இருந்தது. பிள்ளைகள் தாம் வந்த நாளன்று அவரிடம் ஓடி வருவார்கள். மனக்கஷ்டத்தோடு வரும் ஊழியர் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். முன்பு அவரைப் பிடிப்பது கடினம். இப்போது எந்த நேரமும் அவர் அங்கே இருந்தார். வராந்தாவில் பறவைகளுக்குக் கூடு வைத்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். கைக்கு அடக்கமான கடதாசித் துண்டுகளில் ஓயாமல் எழுதினார். அவர் எழுதிய ஏறத்தாழ 35 நூல்களில் பல இந்தப் படுக்கையில் பிறந்தவை. டோனாவூரின் பொறுப்புகளை அடுத்த தலைமுறையிடம் ஒவ்வொன்றாக ஒப்படைக்கவும் அந்த ஆண்டுகள் இடம் கொடுத்தன.

1933இல் வெளிவந்த ரோஸ் ஃப்ரம் ப்ரையர் என்ற நூல் இவற்றுள் தனித்தது. முட்செடியில் பூத்த ரோஜா என்று அதன் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். நோயாளிகளுக்கு அவர் எழுதிய கடிதங்களிலிருந்து அது உருவானது. நோயாளிகளுக்கு ஆறுதலாக எழுதப்பட்ட பல புத்தகங்கள் அவர் கட்டிலுக்கு வந்தனவாம். வாசித்தபோது, அவை சுகமாக எழுந்து நடமாடுகிறவர்கள் எழுதியவை என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அவை மனதில் ஒட்டவில்லை. ஆகவே நோயாளியாக இருந்துகொண்டு நோயாளிக்கு எழுதுவது தமக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்று எடுத்துக்கொண்டார். தாம் நலமாக இருந்த காலத்தில் இப்படி எழுதியிருக்க முடியாது என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

துன்பத்தில் தெய்வ நோக்கம் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதன் பொருள் இந்த இடத்தில்தான் எமக்கு ஓரளவு துலங்குகிறது. வலி நல்லது என்று அவர் சொல்லவில்லை. வலியைப் போக்க டோனாவூரில் ஒரு வைத்தியசாலையே கட்டியவர் அவர். ஏன் வந்தது என்பதற்கும் விடை காணவில்லை. வந்துவிட்ட வலியை வீணாக்காமல் யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்தார். அப்படிக் கொடுக்கத் தொடங்கியபோது, காலையில் கேட்ட செபத்துக்கும் மாலையில் விழுந்த குழிக்கும் இடையே ஒரு பாதை தெரிந்தது. அந்தப் பாதை விழுந்த அன்றே தெரியவில்லை. ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. இன்னொருவருடைய வலிக்கு வெளியே நின்றுகொண்டு நாம் அதைக் கண்டுபிடித்துச் சொல்லவும் இயலாது. கட்டிலில் கிடப்பவரே தம் நேரத்தில் கண்டடைய வேண்டியது அது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாக இருந்தார்கள். காரணம் சொல்லப் புறப்பட்ட பிறகுதான் கெட்டுப்போனார்கள்.

பெயரற்ற கல்லறை

1951ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் திகதி காலை, தமது 83ஆவது வயதில், அம்மை நித்திரையிலேயே காலமானார். தமது கல்லறையில் கல் நாட்டவேண்டாம் என்று முன்னரே கேட்டிருந்தார். பிள்ளைகள் அந்த ஆசையைக் காத்து, பறவைகள் வந்து நீர் குடிக்க ஒரு கல் தொட்டியை அங்கே வைத்தார்கள். அதில் அம்மை என்ற ஒரு சொல் மட்டும் பொறிக்கப்பட்டது. கருவுற்றுப் பெறாத நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயானவருக்கு அதைவிட நீளமான எழுத்து தேவைப்படவில்லை.

எமது பொகவந்தலாவையிலும் புனித மரியாள் ஆலயத்தின் வளவில் ஒரு புகழ்பெற்ற பெண்ணின் கல்லறை இருக்கிறது. 1879இல் மறைந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூனின் கல்லறையைத் தேடி வெளிநாட்டார் இன்றும் வருகிறார்கள். ஆனால் அதே பள்ளத்தாக்கின் தேயிலைச் செடிகளுக்கு அடியில் பெயரும் கல்லும் இல்லாமல் உறங்கும் எமது பாட்டிமார் எத்தனை பேர் என்று எண்ணியவர் யாரும் இல்லை. பெயரில்லாத கல்லறையைத் தாமே விரும்பி எடுத்துக்கொண்ட அம்மையின் கதையைப் படிக்கும்போது, பெயரில்லாத கல்லறைக்குள் விருப்பம் கேட்கப்படாமலே போனவர்களையும் நாம் நினைக்கிறோம். இருவரையும் பெயர் சொல்லி அறிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதே கிறிஸ்தவ நம்பிக்கை.

சகோதரிகளே, இந்த நூற்றாண்டு விழாவுக்கு வர முடியாதவர்கள் எம்மிடையே பலர் உண்டு. சிலர் நோயில் இருக்கிறீர்கள். சிலர் படுக்கையில் கிடக்கும் கணவரையோ தாயையோ மாமியாரையோ விட்டு நகர முடியாமல் இருக்கிறீர்கள். சிலர் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். இந்த மலர் தபாலில் உங்கள் கைக்கு வரும்போது, விழாவில் கலந்துகொள்ளாதவர்களாக உங்களை எண்ணிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு நேர்ந்ததற்குக் காரணம் சொல்ல நாம் வரவில்லை. உங்களைப் போலவே அறைக்குள் இருபது ஆண்டுகள் இருந்த ஒருவரை உங்களுக்குத் தோழியாக அறிமுகம் செய்யவே வந்தோம்.

சுகமாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடிபடும் பிள்ளையையோ, கூலி மறுக்கப்பட்ட பெண்ணையோ கண்டால், பொறுத்துக்கொள் என்று சொல்லவேண்டாம். 1901இல் பண்ணைவிளையில் நடந்ததைப் போலக் கதவைத் திறவுங்கள். ஆற்ற முடியாத நோயில் கிடக்கும் பழைய தோழியைக் கண்டால், விளக்கம் சொல்லவேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். எந்த வேளையில் எதைச் செய்வது என்று பிரித்தறியும் ஞானத்தை எம் எல்லோருக்கும் இறைவன் அருள்வாராக.